நான்காவது மாதிரி

தேநீர் ஆறிப்போயிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. உணவுக்குழாய்க்கு ஆறின தேநீர்தான் நல்லது. பல ஆண்டுகளாக இதைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லி வருகிறேன். இந்தப் பல்கலைக்கழகம் என் பேச்சைக் கேட்டு நடந்திருப்பது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

வாக்குமூலத்தைத் தமிழில் தருகிறேன் என்றதும் விசாரணைக் குழுவினரான உங்களுக்குக் கொஞ்சம் சிரமமாகப் போயிருக்கும். எனக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. ஆனால் அந்த மொழியில் எதைச் சொன்னாலும் பாதி மன்னிப்பாகவே முடிகிறது. பேருந்தில் நம் காலை மிதித்தவரிடம் நாம்தான் 'சாரி' சொல்ல வேண்டியிருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை. நடந்ததை விளக்க வந்திருக்கிறேன். மொழிபெயர்க்கும் தம்பி யாழ்ப்பாணத்துக்காரர் போலத் தெரிகிறது. நான் மலேசியாக்காரன், ஊர் கிள்ளான். என் தமிழ் அவருக்குப் புரியும். புரியாத இடத்தில் தாராளமாக நிறுத்திக் கேட்கட்டும்.

பெயர் தர்மலிங்கம். லண்டனுக்குப் படிக்க வந்து, சம்பளத்துக்கு அமர்ந்து, இங்கேயே தங்கிவிட்டவன். முனைவர் பட்டம் இருப்பதால் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்கிறேன். இந்த ஒரு சொல்லால் வெம்பிளியில் எனக்குக் கிடைத்த மரியாதையை அரசருக்குக்கூடக் கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகம். பிறந்தநாள் விழாவுக்குப் போனால் கேக் வெட்டும் முன்பே நாலு பேர் நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். "நான் அந்த டாக்டர் இல்லைங்க, ஆராய்ச்சி டாக்டர்" என்று சொல்லிப் பார்த்தேன். "பாருங்கோவன், எவ்வளவு தன்னடக்கம்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள். தன்னடக்கம் என்று முடிவு செய்துவிட்டவர்களிடம் மேற்கொண்டு வாதாடுவது திமிராகப் போய்விடும். அதனால் நாக்குகளைப் பார்த்து, "நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

என் வேலையை எளிமையாகச் சொல்கிறேன். புற்றுநோய் என்றால் மரபணு கெட்டுப்போவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி இல்லை. உணவுக்குழாயின் உள்தோலில் புற்றைத் தடுக்கும் மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஓர் எழுத்துக்கூட மாறாமலே அவற்றை ஊமையாக்கிவிடலாம். அதற்கென்று சில நொதிகள் உண்டு. மரபணுவின் மேலோ, அது சுற்றியிருக்கும் புரதத்தின் மேலோ சின்னச் சின்ன வேதிக் குறிகளை ஒட்டிவிட்டுப் போகும். குறி ஒட்டிய பகுதியைச் செல் வாசிப்பதில்லை. அவ்வளவுதான். எதையும் உடைக்கவில்லை, திருத்தவில்லை, வாசிக்காமல் விட்டுவிடுகிறது. இந்த நொதிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மதிப்பு வரும். இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பெரிய விளைவு.

இதில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. உடைந்த மரபணுவைச் சரிசெய்வது பெரும்பாடு. வாயடைத்த மரபணுவை, அந்த நொதியைத் தடுத்தால், மறுபடி பேசவைக்கலாம். ஆனால் எந்த நொதி, எந்தக் கட்டத்தில், எவ்வளவு கூடுகிறது என்று தெரிந்தால்தானே தடுக்க முடியும்? அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஆளிடமிருந்து, நோய் வருவதற்கு முன்னிருந்து நோய் வரும் வரைக்கும், வரிசையாக மாதிரிகள் வேண்டும். உலகத்தில் எவரிடமும் அப்படியொரு வரிசை இல்லை. காரணம் உங்களுக்கே தெரியும். ஏதாவது தென்பட்டவுடனே மருத்துவர்கள் குறுக்கே புகுந்து குணப்படுத்திவிடுகிறார்கள்.

மாதிரி எடுப்பது பெரிய விஷயம் இல்லை. நூலில் கட்டிய ஒரு குளிசை. விழுங்கினால் வயிற்றில் கரையும். உள்ளே மடித்திருக்கும் பஞ்சு விரியும். நூலைப் பிடித்து இழுத்தால் பஞ்சு வழியெல்லாம் உரசிச் செல்களை அள்ளிக்கொண்டு வாய்க்கு வரும். தொண்டை கொஞ்சம் கரகரக்கும். ஆய்வில் தமிழர்களைச் சேர்க்க முடியவில்லை என்று பல்கலைக்கழகம் அப்போது கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. அழகான துண்டுப்பிரசுரம் அடித்தார்கள். அதில் சிரித்துக்கொண்டிருந்த பெண்மணி சேலையைக் குஜராத்தி முறையில் கட்டியிருந்தார். ஒருவரும் வரவில்லை. நான் ரோல்ஸ் கடைச் சண்முகராசா அண்ணனுக்கு ஒரு போன் போட்டேன். அடுத்த சனிக்கிழமை, மாதிரி எடுக்கும் மண்டபத்தில் உட்கார இடமில்லை.

சண்முகராசா அண்ணனைப் பற்றித்தானே கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஜெர்மனியில் பல காலம் உணவகச் சமையலறைகளில் வேலை பார்த்துவிட்டு, மகள் ஆரணியின் படிப்புக்காக இங்கே வந்தவர். வெம்பிளியில் அவர் கடை மட்டன் ரோல்ஸுக்காக நகரின் மறுகோடி மோர்டனிலிருந்து ரயில் ஏறி வருவார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய தேத்தண்ணியை, ஆவி பறக்கிறபோதே நின்ற நிலையில் குடித்து முடிப்பார். நெஞ்செரிச்சல் நெடுநாளாக உண்டு. அதை அவர் நோயாக நினைத்ததில்லை. தொழிலின் ஒரு பகுதி என்று நினைத்தார். மாதிரி எடுக்கும் நாட்களில் எல்லோருக்கும் இலவசமாக ரோல்ஸ் கொண்டுவருவார். முதல் தடவை நூலைக் கையில் வாங்கியதும், "தம்பி, மீன்கூட இரை இருந்தால்தான் தூண்டில விழுங்கும். நான் சும்மா விழுங்கிறன், பாருங்கோ" என்றார். மண்டபமே சிரித்தது. நல்ல மனிதர். அவரை எனக்குப் பிடிக்கும். அதை யாரும் சந்தேகிக்க வேண்டாம்.

முதல் மாதிரி சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் அவர் மனைவி ஜெயகௌரி அக்கா என்னை மண்டபத்துக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு உதவி. அந்தக் கூடாத வருத்தம் ஏதும் இருக்கிறதெண்டால் இவருக்கு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ. இவரின்ர தமையனுக்கு டொக்டர் சொன்ன கையோட மனுசன் படுத்ததுதான், பிறகு எழும்பவேயில்லை. இவருக்கும் அந்த மனம்தான். தாங்கமாட்டார்."

உங்களுக்கு இது வினோதமாக இருக்கும். எங்களிடம் இது சாதாரணம். நோயாளியைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் நோய் தெரிந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும், கோவில் ஐயருக்குத் தெரியும், கனடாவில் இருக்கும் மச்சானுக்குத் தெரியும். நோயாளிக்கு அல்சர் என்று சொல்லி வைத்திருப்பார்கள். அவரும் தெரியாத மாதிரியே இருந்து, மரியாதையாகச் செத்துப்போவார். நான் அக்காவிடம், "சரிக்கா, சொல்லமாட்டேன்" என்றேன். கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினேன். அதை யாரும் பாராட்டவில்லை.

இரண்டாவது மாதிரியில் மாற்றம் தெரிந்தது. மாதிரிகள் எண்ணோடுதான் ஆய்வகத்துக்குப் போகும், பெயர் இருக்காது. எந்த எண் யாருடையது என்பது எனக்கு மட்டும் தெரியும்; அண்ணனுடையது பதினேழு. செல்களைப் பார்க்கும் நிபுணர், 'பதினேழாம் எண்ணில் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருக்கிறது, உடனே அவருடைய குடும்ப மருத்துவரான ஜிபிக்குத் தெரிவிக்கவும்' என்று எழுதியிருந்தார். தெரிவிக்க வேண்டியது நான். விதி அப்படி. 'கவனிக்கிறோம்' என்று பதில் போட்டேன். பொய் இல்லை. மிகவும் கவனமாகத்தான் கவனித்தோம்.

ஏனென்றால் அதே மாதிரியில் நான் தேடிக்கொண்டிருந்த நொதி பன்மடங்கு ஏறியிருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அப்படி. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைக்கமாட்டேன். அன்று மாலை வீட்டுக்கு நடந்தே போனேன்; வழியில் ஒரு கடையில் என் மனைவிக்குப் பூ வாங்கினேன். அவள் பயந்துவிட்டாள்.

ஜிபிக்குச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்கிறீர்கள். குழாய் விட்டுப் பார்த்து, அந்த இடத்தை மட்டும் சுரண்டிச் சுட்டு எடுத்திருப்பார்கள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பெரும்பாலும் பிழைத்திருப்பார். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அவர் ஒருவர் பிழைத்திருப்பார். நொதி எப்படி ஏறுகிறது என்பது எவருக்கும் தெரியாமலே போயிருக்கும். நான் ஒரேயொரு மாதிரிதான் இன்னும் வேண்டும் என்று நினைத்தேன். அதன் பிறகு சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன்.

மூன்றாவது மாதிரி வந்தபோது, அதற்குப் பிறகு இன்னும் ஒன்று இல்லாமல் மூன்றாவதற்கு அர்த்தமே இல்லை என்று புரிந்தது. ஆய்வு செய்கிறவர்களுக்கு இது தெரியும்.

இடையில் அவருடைய ஜிபி நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை கொடுத்திருந்தார். அமிலத்தைக் குறைக்கும் சாதாரண மாத்திரை. அது அளவீட்டைக் குழப்பும் என்பதால் நிறுத்தச் சொன்னேன். "டொக்டர் தம்பி சொன்னால் சரி" என்று பெட்டியோடு குப்பையில் போட்டார். எரிச்சல் தாங்கமுடியாமல் பால் குடித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பால் அளவீட்டைக் குழப்பாது.

பிறகு ஒரு நாள் கடைக்குப் போனபோது ஒரு ரோல்ஸைப் பிய்த்துத் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லண்டனிலேயே மொறுமொறுப்பான ரோல்ஸ் போடுகிறவர், அதை ஊறவைத்துச் சாப்பிடுகிறார்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"இறங்குதில்லைத் தம்பி. இதில வந்து நிக்குது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "ஜிபியிட்டப் போவமோ எண்டு யோசிக்கிறன். ஆரணியும் ஒவ்வொரு நாளும் கரைச்சல் குடுக்கிறாள்."

"ஜிபிகிட்ட அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதுக்குள்ள உங்க பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும்ணே" என்றேன். "நான்தான் பார்க்கிறேன்ல. அடுத்த மாசம் பஞ்சு விழுங்குறீங்க, அதுல எல்லாம் தெரிஞ்சிடும். மெதுவா மென்னு சாப்பிடுங்க."

"ஓம், அதுவும் சரிதான்" என்றார். "எங்கட ஆள் நீங்கள் இருக்கேக்க நான் ஏன் வெள்ளைக்காரனிட்டப் போய் நிக்கோணும்?" போகும்போது ஒரு பை நிறையப் பற்றிஸ் பலகாரம் கட்டிக் கொடுத்தார். சுடச்சுட இருந்தது. ரயிலிலேயே சாப்பிட்டுவிட்டேன்.

மொழிபெயர்க்கும் தம்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கும் அந்தக் கடையைத் தெரியும் போலிருக்கிறது. பரவாயில்லை, காத்திருக்கிறேன்.

நான்காவது மாதிரி எடுக்கும்போது பஞ்சு கீழே இறங்கச் சிரமப்பட்டது. தாதி நிறுத்திவிடலாமா என்று என்னைப் பார்த்தாள். அண்ணன்தான் கையைக் காட்டி, இருங்கள் என்று சைகை செய்து, கண்ணில் நீர் வழிய வழிய விழுங்கினார். எனக்காகத்தான் விழுங்கினார். தம்பியின் ஆராய்ச்சி கெட்டுப்போகக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தாராம். அந்த மாதிரி மிக அருமையாக வந்தது. நான்கு புள்ளிகள், ஒன்றைவிட ஒன்று உயரத்தில், அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் ஒரே கோட்டில் நின்றன. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான ஒரு வரைபடத்தை நான் பார்த்ததில்லை.

அன்றைக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்குள் அவர் பாரிஸில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அங்கே பந்தியில் சோறு தொண்டையில் சிக்கியது; திரும்பி வந்ததும் இங்கே அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். கல்லீரல் வரை பரவிவிட்டது என்று மருத்துவர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்தார்கள். இதற்கு முன் யாரும் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்டார்களாம்.

நான் மருத்துவமனைக்குப் போனேன். ஜெயகௌரி அக்கா தாழ்வாரத்தில் நின்றார். ஆரணி உள்ளே இருந்தாள். அக்கா என் முகத்தையே பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உங்களுக்கு முந்தியே தெரியுமே தம்பி?"

"ஒரு சந்தேகம் இருந்துச்சுக்கா" என்றேன். "நீங்கதானே சொல்ல வேணாம்னீங்க."

அவர் திரும்பி உள்ளே போனார். அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. சில வாரங்களில் அண்ணன் இறந்தபோது, தன் வாயாலேயே புருஷனைக் கொன்றுவிட்டோம் என்று அக்கா தனக்குள் வைத்துக்கொண்டார். தகனத்தன்று என் கையைப் பிடித்து அழுதபோது, "வருத்தப்படாதீங்கக்கா, நீங்க அவர் நல்லதுக்குத்தான் சொன்னீங்க" என்று ஆறுதல் சொன்னேன். அந்த நேரத்தில் அவருக்கு ஆறுதல் சொல்ல வேறு எவருக்கும் தோன்றவில்லை என்பதையும் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

கட்டுரை வெளியானது. பல்கலைக்கழகம் என்னைப் படம் எடுத்து முகப்பில் போட்டது. அப்போது நீங்கள் யாரும் எந்தக் கேள்வியும் கேட்டதாக நினைவில்லை. வெம்பிளியில் பாராட்டு விழா வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். விளக்கேற்றினார்கள். மூன்று பேர் வரவேற்புரை ஆற்றினார்கள். மூன்று பேரும் என்னைச் சத்திரசிகிச்சை நிபுணர் என்றார்கள். பிறகு நான் திரையில் அந்த வரைபடத்தைக் காட்டிப் பேசினேன். பெயர் சொல்லவில்லை. பதினேழாம் எண் என்று மட்டும்தான் சொன்னேன். ரகசியக் காப்பு விதிகளை நான் மீறியதே இல்லை. ஆனால் ஆய்வுக்கு வந்தவர்களில் இறந்துபோனவர் ஒருவர்தான் என்பதும், அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சோற்றை அந்த மண்டபமே சாப்பிட்டிருந்தது என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கேள்வி நேரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஆரணி எழுந்தாள். மருந்தியல் படிக்கிறாள்.

"அங்கிள், ஒரே ஒரு கொஸ்டின். அந்த ஆளுக்குப் பிரச்சினை இருக்கெண்டு உங்களுக்கு எந்த டொட்டில தெரிஞ்சது?"

நல்ல கேள்வி. அந்த ஆய்வின் உயிரே அதில்தான் இருக்கிறது. "இரண்டாவதுலயே தெரிஞ்சிடுச்சும்மா" என்றேன். "அதுதான் இதோட பெருமை. அந்தக் கட்டத்துல பிடிச்சா முழுசா குணப்படுத்திடலாம்."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார். ஒருவர் மட்டும் தட்டியதால் அவரும் நிறுத்திவிட்டார். ஆரணி உட்காரவில்லை. அழவும் இல்லை. திரையில் இருந்த இரண்டாவது புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்திலிருந்து ஜெயகௌரி அக்கா எழுந்தார். மைக் இல்லாமலே கேட்டது.

"நான் அவருக்குச் சொல்லாதேங்கோ எண்டுதானே தம்பி சொன்னனான். எனக்கும் சொல்லாதேங்கோ எண்டு எப்ப சொன்னனான்?"

நியாயமான கேள்விதான். இப்போது யோசித்தால், அவரிடம் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? ஓடிப்போய் ஜிபியைப் பிடித்திருப்பார். அப்புறம் எப்படி நான்காவது மாதிரி கிடைத்திருக்கும்?

நீங்கள் என்னைக் கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளலாம். சொல்லாமல் விட்டேன்; போகவேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் தடுத்தேன்; மாத்திரையை நிறுத்தினேன்; பழியை ஒரு விதவையின் தலையில் வைத்தேன். எல்லாவற்றையும் தெரிந்தேதான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவரை நான் வெறும் எண்ணாக நினைத்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அந்த மனிதரையும் என்னையும் நான் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. மற்றவர்கள் பயப்படக் கூடாது என்பதற்காக ஒரு தடவை நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதேபோன்ற நூலைப் பிடித்துக்கொண்டு அதேபோன்ற பஞ்சை விழுங்கினேன். அவருடைய இரண்டாவது மாதிரி போன பெட்டியில்தான் என்னுடையதும் போனது. என்னுடையதிலும் மாற்றம் இருந்தது, அவருடையதைவிடச் சின்னதுதான். முடிவு வந்த அன்று பிற்பகலே என் ஜிபிக்குத் தெரிவித்தேன். மாதம் முடிவதற்குள் சுட்டு எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு குறையும் இல்லை. அந்த மாதிரியைக் கட்டுரையில் சேர்க்கவில்லை. சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களின் மாதிரி எங்களுக்குப் பயன்படாது.